சிற்பியின் விளக்கும் ‘சிற்பம்’ என்னும் சொல்லும்

1. முன்னுரை

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவிலுள்ள விழிஞ்ஞம், 2025ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற பன்னாட்டுத் துறைமுகத்தால் இன்று பலரும் அறிந்த ஊராகியுள்ளது. ஆய் மன்னர் காலத்திலும் அது துறைமுகமாகவே விளங்கியது. எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்பெறும் சிறிய குடைவரை ஒன்று அங்குள்ளது. ஒரே அறையைக் கொண்ட அக்குடைவரையினுள் வீணையேந்திய தட்சிணாமூர்த்தியின் உருவமும், வெளிச்சுவரில் சிவனது முற்றுப்பெறாத புடைப்புருவங்களும் காணப்படுகின்றன. விழிஞ்ஞத்திற்குச் சில கி.மீ. வடக்கே, கோவளத்தை அடுத்த வெள்ளாரில், ‘கேரள ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் வில்லேஜ்’ என்னும் கைவினைக் கிராமம் புதுப்பிக்கப்பெற்று 2021 முதல் இயங்கி வருகிறது.

இவ்விரு இடங்களையும் பற்றித் தமிழில் எழுதுவோர் இரு வேறு சொற்களை எடுத்தாள்வர். குடைவரையில் இருப்பது ‘சிற்பம்’. கிராமத்தில் செய்யப்பெறுவது ‘கைவினைப் பொருள்’. முன்னதைச் செய்தவர் சிற்பி. பின்னதைச் செய்பவர் கைவினைஞர். இப்பாகுபாடு இயல்பானதுபோல் தோன்றினும், ஒரு சிற்பி விளக்கும் மேசையும் செய்ய முற்படும்போது அது நிலைகுலைகிறது. அவர் செய்த விளக்கு சிற்பமா, கைவினைப் பொருளா? அதற்கான ஊக்கம் எங்கிருந்து வந்தது? அதனைக் கையால் செய்து முடித்தவர் எப்பெயரால் குறிக்கப்பெறுவார்? இவ்வினாக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தாம் தெரிந்தெடுக்கும் சொல்லினாலேயே, அறிந்தோ அறியாமலோ, விடை கூறிவிடுகிறார். இசாமு நொகுச்சி என்னும் சிற்பியின் ‘அக்காரி’ விளக்குகளைச் சான்றாகக் கொண்டு, தமிழ்க் கலைத்திறனாய்வில் வழங்கும் இச்சொற்களின் பொருத்தப்பாட்டை மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

2. வெனிசில் எழுந்த வினா

நொகுச்சி (1904–1988) சப்பானியக் கவிஞர் ஒருவருக்கும் அமெரிக்க எழுத்தாளர் ஒருவருக்கும் மகனாக லாஸ் ஏஞ்சலிசில் பிறந்தவர். 1927இல் பாரிசில் சிற்பி பிரான்குசியிடம் சில திங்கள் உதவியாளராக இருந்தார். அக்காலத்தில் பிரான்குசியின் படைப்பு ஒன்று நீதிமன்றத்தில் இருந்தது. அவருடைய ‘விண்ணில் பறவை’ 1926இல் நியூயார்க்கு வந்திறங்கியபோது, சுங்கத்துறை அதனைக் கலைப்படைப்பாக ஏற்க மறுத்து, உலோகப் பொருள் எனக் கொண்டு 40 விழுக்காடு வரி விதித்தது. 1928இல் வழங்கப்பெற்ற தீர்ப்பு அது கலைப்படைப்பே என ஏற்றுக்கொண்டது. தொழில்முறைச் சிற்பி ஒருவரால் ஆக்கப்பட்டமையும், அழகுக்காகவன்றிப் பிற பயனுக்காக ஆக்கப்படாமையும் அத்தீர்ப்பில் கருதப்பட்ட கூறுகளாகும். சிற்பம் உலகில் எதனையும் ஒத்திருக்க வேண்டும் என்னும் வரையறை அன்று தளர்ந்தது. ஆயின் அது பயன்படக்கூடாது என்னும் வரையறை நிலைபெற்றது.

நொகுச்சியின் வாழ்நாட்பணி இவ்விரண்டாம் வரையறையை எதிர்கொண்டதாகவே அமைந்தது எனலாம். 1947 முதல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அவரது சிறுமேசை இதற்கு ஒரு சான்று. ஒரே வடிவுடைய இரு மரக்கால்கள். அவற்றுள் ஒன்று தலைகீழாகத் திருப்பி மற்றொன்றோடு பொருத்தப்பெற்றுள்ளது. அவற்றின்மேல் ஒரு கண்ணாடிப் பலகை. சிற்பத்தில் நிறைகளைச் சமன்செய்யும் அறிவே இங்கு மேசையாகியுள்ளது. கண்ணாடி ஒளிபுகுவதாக இருத்தலின், மேசையைப் பயன்படுத்துவோர் அதன் கால்களின் அமைப்பை எப்போதும் காண்கின்றனர். பயன் வடிவத்தை மறைக்காத பொருள் அது.

1986இல் வெனிசு ஈராண்டுக் கலைவிழாவில் அமெரிக்க அரங்கு அவருக்கு அளிக்கப்பட்டது. சலவைக்கல்லால் ஆன பெரிய சறுக்குமரம் ஒன்றையும், காகிதத்தாலான அக்காரி விளக்குகளையும் அவர் அங்கு வைத்தார். கண்காட்சிக்கு ‘சிற்பம் என்பது யாது?’ என்னும் வினாவே தலைப்பாயிற்று. உள்ளூர்க் கடைகளில் வாங்கக்கூடிய காகித விளக்கைச் சிற்ப அரங்கில் வைத்த செயல், பொருளைப் பற்றிய வினாவை எழுப்பியதோடு சொல்லைப் பற்றிய வினாவையும் எழுப்பியது. அவ்வினாவை அவர் எழுப்பியது ஆங்கிலத்தில். அதனைத் தமிழில் பெயர்க்கும்போது வினாவே வேறாகிவிடுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

3. ‘சிற்பம்’: சொல்லின் பரப்பு

‘சிற்பம்’ என்பது ‘சில்ப’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். கைத்திறன் வாய்ந்த நுண்தொழில் என்பதே அதன் அடிப்படைப் பொருள். கல்லிலோ உலோகத்திலோ வடித்த உருவம் என்னும் இன்றைய பொருள் அதன் பரப்பில் ஒரு பகுதியே. மலையாளத்தில் விரிந்த பொருள் இன்றும் ஒருவாறு நிலைத்துள்ளது. கருத்தரங்கோடு கூடிய பயிற்சிக் கூட்டத்தை மலையாளிகள் ‘சில்பசாலை’ என்றே வழங்குகின்றனர். தமிழர் அதற்குப் ‘பட்டறை’, ‘பயிலரங்கு’ என்னும் சொற்களைத் தேடிக்கொண்டனர். விழிஞ்ஞம் போன்ற இருமொழி எல்லைப் பகுதியில் ஒரே சொல் ஒரு மொழியில் உருவத்தையும் மற்றொன்றில் செயலையும் சுட்டி நிற்பது மொழியியலார்க்குச் சுவையான செய்தி.

தமிழிலும் விரிந்த பொருள் முற்றாக மறையவில்லை. உருவக வழக்கில் அது உயிருடன் உள்ளது. சாகித்திய அகாதெமியின் வாழ்க்கை வரலாற்று நூல்வரிசை ஆங்கிலத்தில் ‘ஆக்கியோர்’ என்னும் பொருள்படும் சொல்லைத் தலைப்பில் கொண்டிருக்க, தமிழில் அது ‘இந்திய இலக்கியச் சிற்பிகள்’ எனப் பெயர்பெற்றது. கவிதை ஆக்குபவரையும் நாட்டை ஆக்குபவரையும் சிற்பி என்று கூறத் தயங்காத தமிழ் உரைநடை, விளக்கை ஆக்குபவரைச் சிற்பி என்று கூறத் தயங்குகிறது. உருவகத்தில் இடந்தரும் சொல், நேர்ப்பொருளில் கதவடைத்துக்கொள்கிறது. இம்முரண் சொல்லின் இயல்பால் வந்ததன்று, வழக்கால் வந்தது.

சிற்பநூல்களின் வைப்புமுறையும் இதனை உறுதிப்படுத்தும். தென்னாட்டோடு தொடர்புடைய ‘மயமதம்’ வாஸ்துவை நிலம், மாளிகை, ஊர்தி, படுக்கை என நான்காகப் பகுக்கிறது. படுக்கைகளையும் இருக்கைகளையும் பற்றிய அதிகாரத்தை அடுத்து இலிங்க இலக்கணம் இடம்பெறுகிறது. எழுபது அதிகாரங்களையுடைய ‘மானசாரம்’ தன் ஐம்பதாம் அதிகாரத்தில் உடலில் அணியும் அணிகளையும், விளக்குத்தண்டு, விசிறி, கண்ணாடி, ஊஞ்சல் முதலிய இல்லப் பொருள்களையும் ‘பூஷணம்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ்க் கூறுகிறது. அதற்கு அடுத்த அதிகாரமே மும்மூர்த்திகளின் திருவுருவ இலக்கணம் ஆகும். விளக்குத்தண்டிலிருந்து தெய்வத் திருவுருவுக்கு நூலாசிரியர் செல்லும்போது துறை மாறியதாக எவ்விதக் குறிப்பும் இல்லை.

தமிழில் ‘கலன்’ என்னும் சொல்லும் இவ்வகையினதே. ‘அணிகலன்’ என்பதில் அது அணியையும், ‘கொள்கலன்’ என்பதில் பாண்டத்தையும் குறிக்கிறது. வீட்டுத் தளவாடங்களுக்கு இக்காலத்தில் ஆக்கப்பெற்ற ‘அறைகலன்’ என்னும் சொல், ஆக்கியோர் எண்ணினரோ இல்லையோ, மானசாரத்தின் ‘பூஷண’ வகைப்பாட்டை நினைவூட்டுவதாக அமைந்துவிட்டது. உடலுக்கு அணி எவ்வாறோ அவ்வாறே அறைக்கு இருக்கையும் விளக்கும் என்னும் கருத்து அச்சொல்லில் அடங்கியுள்ளது. ‘மரச்சாமான்’ என்பதைக் காட்டிலும் ‘அறைகலன்’ சிற்பியின் நோக்கிற்கு அணித்தானது என்பதில் ஐயமில்லை.

4. வினைவழிப் பெயர்கள்

விளக்கு, இருக்கை, படுக்கை என்னும் பெயர்களின் அமைப்பையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். ‘விளங்கு’ என்பது தன்வினை. ‘விளக்கு’ என்பது அதன் பிறவினை. அப்பிறவினை முதனிலையே மாற்றமின்றிப் பொருளின் பெயராக நிற்கிறது. கலத்தைத் துலக்குதலையும், பொருளைத் தெளிவுறுத்தலையும், இருளகற்றும் கருவியையும் இவ்வொரு வடிவமே தாங்குகிறது. ‘இருக்கை’, ‘படுக்கை’ ஆகியன தொழிற்பெயர்கள். இவற்றிலுள்ள ‘கை’ விகுதியே அன்றி உறுப்பைக் குறிக்கும் சொல் அன்று. இருத்தல், படுத்தல் என்னும் உடலின் வினைகள் அவ்வினைகளைத் தாங்கும் பொருளுக்கு ஆகிவந்தன. இவற்றுக்கு மாறாக ‘நாற்காலி’, ‘முக்காலி’ ஆகியன வடிவைச் சுட்டும் பெயர்கள். ஆகவே தமிழில் இல்லப் பொருள்களுக்கு வினைவழிப் பெயர், வடிவுவழிப் பெயர் என இருவகை உண்டு. பெயரிலேயே பயன் அமைந்த பொருளை நோக்கி, ‘பயன்படுவது கலையாகுமா?’ என்று வினவுதல் இம்மொழியின் போக்கிற்கு ஒவ்வாதது.

சங்க இலக்கியத்தில் இதற்குச் சிறந்த சான்று நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய 188 அடிகள் கொண்ட அப்பாட்டின் அரண்மனைப் பகுதியில், கதவும் விளக்கும் கட்டிலும் அடுத்தடுத்துப் பேசப்படுகின்றன. விளக்கு யவனர் செய்தது. பாவையொன்று தன் கையில் அகலை ஏந்தி நிற்கிறது. கட்டில் போரில் பட்ட யானையின் தந்தத்தால் ஆனது. உளியால் இலைவடிவம் செதுக்கப்பெற்றது. கதவைப் பொருத்தியவன் கம்மியன் எனவும், கட்டிலைச் செதுக்கியவன் வல்லோன் எனவும், விளக்கின் சிறப்பு அதன் வினையின் மாட்சி எனவும் கூறப்படுகின்றன. உருவச் சிற்பமும் விளக்கும் ஒரே பொருளாய் நிற்கும் பாவைவிளக்கை, இது உருவம், இது கருவி என்று பிரித்துக்காட்டும் தேவை புலவர்க்கு எழவில்லை. வினை சிறந்ததா என்பதே அவர்தம் அளவுகோல்.

‘கைவினை’ என்னும் சொல்லில் இன்றும் அவ்வினை உள்ளது. ஆயின் அது சிறப்புப் பொருளை இழந்து, கலைக்கு ஒரு படி கீழானது என்னும் பொருளை ஏற்றுள்ளது. ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு தாழ்வுறுவதற்குச் சமூகக் காரணம் ஒன்று இருத்தல் வேண்டும்.

5. பிரிவு நேர்ந்த முறை

திருவனந்தபுரத்துத் தந்தச் செதுக்கு வேலை இதனை விளக்கும். திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்த அரியணையும் அதன் கால்மணையும் 1851இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் வைக்கப்பெற்றன. அவ்வரியணை இன்றும் பிரித்தானிய அரச குடும்பத்தின் சேமிப்பில் உள்ளது. கட்டில் செய்த வல்லோனின் மரபில் வந்த பொருள் அது. முழுமையும் செதுக்கு வேலையால் ஆனது. ஆயினும் அது சிற்பம் எனக் குறிக்கப்படுவதில்லை. அரியணை என்றே, கொடுத்தவர் பெறுபவர் பெயர்களோடு சேர்த்தே, பேசப்படுகிறது. கண்காட்சி என்னும் நிறுவனம் பொருள்களைத் துறைவாரியாக அடுக்கியது. அடுக்கும்போது இந்தியக் கைகள் செய்தவை பெரும்பாலும் ‘தொழிற்கலை’ என்னும் அடுக்கில் சென்று சேர்ந்தன.

கல்விநிறுவனங்கள் இப்பாகுபாட்டைப் பாடத்திட்டமாக்கின. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி தொழிற்கலைப் பள்ளியாகவே வளர்ந்தது. 1888இல் தோன்றிய திருவனந்தபுரம் கலைப்பள்ளியும் பிற்காலத்தில் நுண்கலைக் கல்லூரி ஆயிற்று. ‘தொழிற்கலை’யிலிருந்து ‘நுண்கலை’க்கு என்னும் இப்பெயர் மாற்றம் உயர்வாகக் கருதப்பட்டது. அவ்வுயர்வுக்கு விலையாகக் ‘கைவினை’ பின்தள்ளப்பட்டது.

சோழமண்டலம் கலைஞர் கிராமத்தின் வரலாறு இவ்விழுப்பறியைத் தெளிவாகக் காட்டும். சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் அது தோன்றியது. ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயால் நிலம் வாங்கிக் குடியேறினர். கைவினை அவர்களைக் காத்தது; அதன் துணையால் அவர்கள் கலையைக் காத்தனர். பொருளியல் நோக்கில் இது போற்றத்தக்க ஏற்பாடு. கருத்தியல் நோக்கிலோ, காலையில் கைவினை, மாலையில் கலை என்னும் பாகுபாட்டை அது ஏற்றுக்கொண்டதாகவே தோன்றுகிறது. ஆயினும் அங்கு உருவான சிற்பங்களே இதனை மறுத்தன. பி. வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்கள் கோயில் திருமேனிகளுக்குச் சாத்தும் உலோகக் கவசங்களின் வேலைப்பாட்டிலிருந்து வளர்ந்தவை. கவசம் செய்வது கைவினை எனின், அதிலிருந்து கிளைத்த சிற்பம் கைவினையின் வேரை மறுக்க இயலாது. செயலில் இணைந்திருந்தவற்றைச் சொல்லே பிரித்து வைத்தது.

6. ‘அக்காரி’: ஒரு சொல், இரு பொருள்

நொகுச்சி இப்பிரிவை எவ்வாறு கடந்தார் என்பதை அவர் விளக்குகளில் காணலாம். ஒளியைச் சிற்பத்தின் உள்ளே வைக்கும் முயற்சியை அவர் 1940களிலேயே ‘லூனார்’ என்னும் படைப்புகளில் மேற்கொண்டிருந்தார். 1949இல் போலிங்கன் அறக்கட்டளையின் நல்கையோடு மேற்கொண்ட பயணத்தில் இந்தியாவிற்கும் வந்து, ஜந்தர் மந்தர் வானியல் கட்டுமானங்களை ஒளிப்படம் எடுத்தார். ஒளியும் நிழலும் அளவைக் கூறும் அக்கட்டுமானங்கள் கருவிகளாகவும் வடிவங்களாகவும் ஒருங்கே நிற்பவை. 1951இல் சப்பானின் கிஃபு நகருக்குச் சென்றபோது, நகரா ஆற்றில் நீர்க்காகங்களைக் கொண்டு மீன்பிடிக்கும் இரவுக் காட்சியையும் அங்கு ஏற்றப்பட்ட காகித விளக்குகளையும் கண்டார். நலிந்துவந்த விளக்குத் தொழிலுக்கு உதவுமாறு நகரத் தலைவர் அவரைக் கேட்டுக்கொண்டார். அக்காரி அவ்வேண்டுகோளின் விளைவு.

செய்முறை பழையது. மரத்துண்டுகளால் பூட்டிய அச்சின்மேல் மெல்லிய மூங்கில் இழையைச் சுற்றுவர். முசுக்கட்டை இனத்து மரத்தின் உட்பட்டையிலிருந்து செய்த கைக்காகிதத்தை அதன்மேல் ஒட்டுவர். உலர்ந்தபின் அச்சைக் கழற்றி வெளியே எடுத்துவிடுவர். எஞ்சுவது உள்ளீடற்ற காகிதக் கூடு. அதனை மடித்துத் தட்டையாக்கி உறையிலிட்டு அனுப்பலாம். நொகுச்சி மெழுகுதிரிக்கு மாற்றாக மின்விளக்கை வைத்தார், பூவேலை ஓவியங்களை நீக்கினார், உருவங்களை வேறுபடுத்தினார். மூங்கிலையும் காகிதத்தையும் சுற்றும் முறையையும் மாற்றவில்லை. ஒளியேற்றியதும் மூங்கில் இழைகளின் நிழல் காகிதத்தில் வரிவரியாகத் தெரிகிறது. செய்த முறையே அணியாக நிற்பதே இவ்விளக்குகளின் சிறப்பு எனலாம். கல்லில் உளிச்சுவடு எதுவோ அதுவே இங்கு மூங்கில் வரி.

‘அக்காரி’ என்னும் சப்பானியச் சொல்லுக்கு வெளிச்சம் என்பது பொருள். அதன் பட எழுத்து கதிரவனைக் குறிக்கும் உருவும் திங்களைக் குறிக்கும் உருவும் இணைந்தது. நொகுச்சி இப்பெயர் எடையின்மையையும் உணர்த்துவதாகக் கொண்டார். இவ்விரண்டாம் பொருள் சப்பானியச் சொல்லில் இயல்பாக அமைந்ததன்று. அம்மொழியில் எடைக்குறைவைக் குறிக்கும் ‘கருய்’ வேறு சொல். ஆங்கிலத்தில் ‘லைட்’ என்னும் ஒரே ஒலிவடிவம் ஒளியையும் எடைக்குறைவையும் குறிப்பதால் பிறந்த எண்ணம் அது. ஆங்கிலத்திலும் அவை வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஒலியொப்புமையால் ஒன்றான சொற்களே. இருமொழியாளராகிய சிற்பி ஒரு மொழியின் சொல்லில் மற்றொரு மொழியின் ஒலியொப்புமையை ஏற்றியுள்ளார்.

இதனைத் தமிழில் பெயர்ப்பது இயலாதென்று தோன்றலாம். ‘ஒளி’ என்றால் எடை போகிறது. ‘மென்மை’ என்றால் ஒளி போகிறது. ஆயின் தமிழில் ‘இலகு’ என்னும் வடிவம் உண்டு. ‘இலகுதல்’ ஒளிர்தலைக் குறிக்கும். ‘இலங்குதல்’ என்பதோடு தொடர்புடைய திராவிடச் சொல். ‘இலகு’ என்னும் மற்றொரு சொல் எடைக்குறைவையும் எளிமையையும் குறிக்கும். அது ‘லகு’ என்னும் வடசொல்லின் திரிபு. இலங்கைத் தமிழில் இரண்டாவது சொல் ‘இலகுவாக’ என அன்றாட வழக்கில் உள்ளது. ஆங்கிலத்தில் நேர்ந்த அதே ஒலியொப்புமை தமிழிலும் தற்செயலாக நேர்ந்துள்ளது. எடைக்குறைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் வடமொழி ‘லகு’வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தின என்று சொற்பிறப்பியலார் கொள்வதை நோக்க, தமிழ் ‘இலகு’ அவ்வாங்கிலச் சொல்லுக்குத் தொலைவு உறவாகவும் அமைகிறது. ‘இலகும் இலகுவிளக்கு’ என்று பெயர்க்க வேண்டும் என்பதன்று இங்குக் கருத்து. அது வலிந்த செயலாகும். ‘பெயர்க்க இயலாது’ எனக் கைவிடுமுன் தமிழ்ச் சொல்வளத்தை ஒருமுறை துழாவிப் பார்க்க வேண்டும் என்பதே கருத்து.

7. ஊக்கம்: ‘ஆல்’ உருபும் ‘ஓடு’ உருபும்

சிற்பியின் ஊக்கத்தைப் பற்றி எழுதும்போது தமிழ்த் திறனாய்வு ‘அகத்தூண்டுதல்’, ‘உள்ளுந்துதல்’, ‘படைப்பூக்கம்’ என்னும் சொற்களை ஆள்கிறது. இவை ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்தில் உள்ள ‘உள்ளே மூச்சு ஊதுதல்’ என்னும் பொருளில் ‘உள்’ என்பதைமட்டும் கொண்டு, ஊதும் புறப்பொருளை விட்டுவிட்டன. ஈழத்து எழுத்தில் வழங்கும் ‘அருட்டுணர்வு’ இவற்றினும் பொருத்தமானது. அருட்டுதல் பிறிதொன்று செய்யும் வினை. மலையாளத்தின் ‘பிரசோதனம்’ என்பதிலும் தூண்டும் வினையே முதன்மை பெறுகிறது. ‘அகம்’ என்னும் அடை இல்லை.

பின்வரும் இரு தொடர்களை ஒப்பிடலாம்.

(அ) சிற்பி தம் படைப்பூக்கத்தால் காகித விளக்குகளை வடிவமைத்தார்.

(ஆ) கிஃபு விளக்குகளைக் கண்ட சிற்பி, அவற்றைச் செய்வோரோடு கூடிப் புதிய விளக்குகளை ஆக்கினார்.

இரண்டும் இலக்கணப் பிழையற்றவை. முதல் தொடரில் கருவி சிற்பியின் உள்ளம். செய்த கைகளுக்கு அத்தொடரில் இடமே இல்லை. இரண்டாம் தொடரில் ஊக்கம் கண்ட பொருளிலிருந்து வருகிறது. ஆக்கம் பிறரோடு நிகழ்கிறது. இவ்வேறுபாட்டைத் தாங்குவன ‘ஆல்’, ‘ஓடு’ என்னும் உருபுகள். நன்னூல் ஆல், ஆன், ஒடு, ஓடு ஆகியவற்றை மூன்றாம் வேற்றுமை உருபுகளாகவும், கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி ஆகியவற்றை அதன் பொருள்களாகவும் கூறும். தொல்காப்பியமோ அவ்வேற்றுமைக்கு ‘ஒடு’ என்பதையே பெயராகக் கொண்டு, வினைமுதலையும் கருவியையும் அதன் பொருளாகக் கூறுகிறது. ‘யாரால் ஆக்கப்பட்டது?’ என்பதும் ‘யாரோடு ஆக்கப்பட்டது?’ என்பதும் தமிழிலக்கணத்தில் ஒரே வேற்றுமைக்குள் அடங்கும் வினாக்கள். கலைத்திறனாய்வு முதல் வினாவைமட்டும் வினவப் பழகியுள்ளது. செயப்பாட்டு வினையோடு ‘ஆல்’ உருபை மிகுதியாக ஆளும் மொழிபெயர்ப்பு நடை அப்பழக்கத்தை வலுப்படுத்தியுள்ளது.

8. இரு தடைகள்

இதுவரை கூறியவற்றுக்கு இரு தடைகள் எழக்கூடும். பழைய சொல்வழக்கில் கலையும் கைவினையும் ஒன்றாயிருந்தன என்பதால் செய்தவர்க்கு மதிப்பு இருந்தது என்று கொள்ளலாமா என்பது முதல் தடை. கொள்ள இயலாது. பொன், வெண்கலம், இரும்பு, மரம், கல் என ஐந்தொழிலும் பிறப்பின்வழி வரையறுக்கப்பட்டிருந்தன. சொல் ஒன்றாயிருந்தபோதும் தொழிலில் நுழையும் உரிமை எல்லார்க்கும் ஒன்றாயிருக்கவில்லை. பெரும்பான்மைச் சிற்பங்களில் செய்தவர் பெயரும் இல்லை. ஆகவே பழஞ்சொல்லை மீட்பது பழஞ்சமூகத்தை மீட்பது ஆகாது. சொல்லின் பரப்பு வேண்டும். அச்சொல்லைச் சூழ்ந்திருந்த வேலி வேண்டா.

நொகுச்சியே அப்பிரிவை முழுமையாகக் கடந்தாரா என்பது இரண்டாம் தடை. அக்காரி விளக்குகள் உலகெங்கும் அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. மூங்கில் சுற்றிக் காகிதம் ஒட்டுவோர் கிஃபுவில் ஓசெக்கி நிறுவனத்தின் பட்டறையில் உள்ளனர். விளக்கைச் சிற்பமாக்கிய அதே செயல், விளக்குச் செய்வோரைச் சிற்பிகளாக்கவில்லை. இது நேரிய குறையே. ஆயினும் தொழிலைக் குலையாது வைத்து, அதன் செய்முறையை மறைக்காது வெளிப்படுத்தி, விளக்கை அருங்காட்சியகத்திற்கு மட்டுமன்றி வீட்டிற்கும் உரியதாக்கியமையால், கைவினை மரபிலிருந்து வடிவை எடுத்துக்கொண்டு தொழிலைக் கைவிட்ட பலரினும் அவர் நிலை மேலானது எனலாம்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்கும் கலைத்திறனாய்வாளர்க்கும் பயன்படும் சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம்.

ஒன்று: உருவத்தைமட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் ‘சிலை’, ‘படிமம்’, ‘புடைப்புருவம்’ என்னும் சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றை ஆண்டால் ‘சிற்பம்’ தன் விரிந்த பொருளில் விளக்கையும் இருக்கையையும் தழுவி நிற்க இடமுண்டாகும்.

இரண்டு: சிற்பி விளக்குச் செய்ததைக் ‘கைவினைக்கு இறங்கியதாக’வோ, கைவினைஞர் சிறந்த விளக்குச் செய்ததைக் ‘கலையாக உயர்ந்ததாக’வோ எழுதுதல் தவிர்க்கத்தக்கது. மூலத்தில் இல்லாத ஏணி ஒன்று அத்தகைய தொடர்களால் மொழிபெயர்ப்பில் நுழைகிறது.

மூன்று: ஊக்கம் புறத்திலிருந்து வந்ததாக மூலம் கூறுமாயின் ‘அகம்’, ‘உள்’ என்னும் அடைகளைச் சேர்க்காது, தூண்டிய பொருளை எழுவாயாகவோ, கண்ட பொருளாகவோ வைத்தல் வேண்டும்.

நான்கு: படைப்பின் பெயர்ப்பலகையில் ‘ஆல்’ என்று எழுதும் இடத்தில் ‘ஓடு’ என்பதற்கும் இடமுண்டா என்று ஆராய்தல் வேண்டும். ஒரு விளக்கைப் பலர் செய்தனர் எனில் அதனைக் கூறுவதற்கு உரிய உருபு தமிழில் முன்பே உள்ளது.

விழிஞ்ஞத்துக் குடைவரையின் புடைப்புருவங்கள் ஏன் பாதியில் நின்றன என்பது வரலாற்றாய்வாளர்க்குரிய வினா. திறனாய்வாளர்க்கு அவை வேறொன்றைக் காட்டுகின்றன. முற்றுப்பெற்ற உருவத்தில் தெய்வம் தெரியும். முற்றுப்பெறாத உருவத்தில் வேலை தெரியும். பாறையிலிருந்து பாதி வெளிப்பட்ட அவ்வுருவின்முன் நிற்பவர், அதனைச் செய்த கை கலைஞருடையதா கைவினைஞருடையதா என்று வினவுவதில்லை. அதனருகே வெள்ளாரில் இன்று வேலை செய்யும் கைகளைப் பற்றியும் அவ்வினாவை எழுப்பாத ஒரு தமிழ் உரைநடையை உருவாக்குதல் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பாகும். அதற்கு வேண்டிய சொற்களைப் புதிதாக ஆக்க வேண்டிய தேவை மிகுதியாக இல்லை. இருக்கும் சொற்களின் பரப்பை அறிந்து ஆள்வதே போதுமானது.